பாதி வெட்டிய தலையோடு

பேனிக் அட்டாக் (திடீரென்று தாக்கும் பீதி) என்ற பெயரே அப்போது எனக்குத் தெரியாது. முதல் தடவை அது வந்தபோது எக்செல் ஷீட்டில் ஒரு கூட்டல் சரிவராமல் முறைத்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய கவலை அன்றைக்கு இல்லை. திடீரென்று நெஞ்சு தடதடவென்று அடித்தது. எவ்வளவு இழுத்தும் மூச்சு போதவில்லை. விரல்நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. எதிரே இருந்தவர் பேசுவது எங்கோ தூரத்தில் கேட்டது. சரி, கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஈசிஜி எடுத்தார்கள். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்க்க ரத்தம் எடுத்தார்கள், சில மணி நேரம் விட்டு மறுபடியும் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். அதற்குள் எனக்கும் எல்லாம் அடங்கியிருந்தது. "ஒன்றுமில்லை, டென்ஷனைக் குறையுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாததற்கா செத்துப் பிழைத்தேன் என்று எரிச்சலாக இருந்தது. (ஆனாலும் முதல் தடவை நெஞ்சு அடைத்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் சரி. மாரடைப்பா இதுவா என்று வீட்டில் உட்கார்ந்து நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது.)

அதன்பின் என் உடம்புக்கு நானே காவல்காரன் ஆனேன். பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு விரல் கழுத்துக்குப் போய் நாடியைத் தேடும். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் வாங்கினேன். மூச்சே இல்லை என்று நான் தவிக்கும்போது அது 99 காட்டியது. மெஷின் கெட்டுவிட்டது என்று வேறொன்று வாங்கினேன். அது 98 காட்டியது. எங்கே போனாலும் கதவுக்குப் பக்கத்து இருக்கை, கையில் தண்ணீர் பாட்டில். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறதே என்று லிஃப்ட். லிஃப்ட் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று மறுபடி மாடிப்படி.

உச்சக்கட்டம் சலூனில். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, வலப்பக்கம் வெட்டி முடித்து இடப்பக்கம் வரும்போது ஆரம்பித்தது. அவசரமாக ஒரு போன் பேச வேண்டும் என்று பொய் சொல்லி எழுந்தவன், திரும்பிப் போகவில்லை. பாதி வெட்டிய தலையோடு வீடு வந்து கண்ணாடி முன் நின்றபோதுதான் மனநல மருத்துவரைப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். அந்தத் தலையோடுதான் போனேன். அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

தைராய்டு பார்க்கச் சொன்னார். காபி எத்தனை, தூக்கம் எத்தனை மணி நேரம் என்று கேட்டார். இதற்குப் பேனிக் அட்டாக் என்று பெயர், அடிக்கடி வந்து, அடுத்தது எப்போது என்ற பயத்திலேயே வாழ்க்கை ஓடினால் பேனிக் டிஸார்டர் என்றார். 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது தனி நோயாக இடம்பிடித்ததாம். பெயர் கிடைத்ததே பாதி ஆறுதலாக இருந்தது.

ஆக்சிமீட்டர் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "மெஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கு. உங்களுக்கு ஆக்சிஜன் குறையவே இல்லை." பயத்தில் வேகவேகமாக மூச்சுவிடும்போது கார்பன் டை ஆக்சைடுதான் அளவுக்கு மீறி வெளியேறுகிறது, விரல் விறுவிறுப்பதும் தலை கிறுகிறுப்பதும் அதனால். நான் போதவில்லை என்று இன்னும் இழுத்து, அதை இன்னும் கூட்டிக்கொண்டிருந்தேன். நாய் துரத்தினால் ஓடுவதற்காக உடம்பு வைத்திருக்கும் அட்ரினலின், நாயே இல்லாதபோது சுரந்துவிடுகிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். மயங்கி விழுந்துவிடுவேனோ என்று கேட்டேன். மயக்கம் வர ரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும், இதில் பொதுவாக ஏறத்தான் செய்யும் என்றார்.

தினசரி மாத்திரை ஒன்று எழுதினார். வேலை செய்ய சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். உடனே அடக்குகிற மாத்திரை பழக்கமாகிவிடும் என்பதால் சிலவற்றை மட்டும் கொடுத்தார். அதில் ஒன்றை மாதக்கணக்கில் சட்டைப்பையில் தாயத்து மாதிரி வைத்திருந்தேன். அட்டையின் ஓரம் மழுங்கிப்போனதே தவிர, பிரிக்கவில்லை.

அப்புறம் சைக்காலஜிஸ்ட். மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவார் என்று போனால், அவர் அட்டாக்கை வரவழைக்கச் சொன்னார்! இதயம் நன்றாக இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான். சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்ற வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சுவிட வேண்டும். நின்ற இடத்திலேயே ஓட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பயம் பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். ஸ்ட்ராவுக்கு முதல் நாள் 9 போட்டேன், நாற்பதாவது நொடியில் துப்பிவிட்டேன். இரண்டு வாரத்தில் அது 3 ஆனது. அதே மூச்சுத்திணறல்தான், ஆனால் கடிகாரத்தைப் பார்த்து எப்போது முடியும் என்று சலித்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது.

பாட்டிலையும் கதவோர இருக்கையையும் விடச் சொன்னபோதுதான் சண்டை போட்டேன். என்னைக் காப்பாற்றியதே அவைதான் என்றேன். "நீங்க தப்பிச்சு ஓடினதால பிழைச்சீங்கன்னு மூளை நம்பிட்டிருக்கு. ஓடாம இருந்து பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்த்ததில்லை. ஒருமுறைகூட அது தானாக இறங்கும்வரை நான் உட்கார்ந்ததே இல்லை.

உட்கார்ந்து பார்க்கத்தான் மறுபடி அதே சலூன். துணி கட்டியதும் வந்தது. கழுத்துக்குப் போகத் துடித்த விரல்களைத் தொடைமேல் வைத்துக்கொண்டேன். எதிரே கண்ணாடியில், பின்சுவர்க் கடிகாரம் இடவலம் மாறி ஓடியது. வரட்டும் என்று நினைத்தேன். நினைத்ததும் வீரமெல்லாம் வரவில்லை, உள்ளங்கை நனைந்து பேண்ட்டில் ஈரம் தெரிந்தது. நான்கு நிமிடம் படுமோசம். ஏழாவது நிமிடத்தில், கத்தரிக்கோல் சத்தம் பக்கத்தில் கேட்பதைக் கவனித்தேன். அதுவரை அது தூரத்தில் இருந்தது.

முடித்ததும் சலூன்காரர் பின்பக்கம் கண்ணாடி காட்டி, "போதுமா சார், இன்னும் குறைக்கணுமா?" என்றார்.

இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன்.