தென்றலைத் திட்டிய கதை: லிம் சூ காங்கில் ஒரு வருட சைக்கிள்

சிங்கப்பூரில் ஏது கிராமம் என்று ஊரிலிருந்து வந்திருந்த மாமா சிரித்தார். இருக்கிறது மாமா, வீட்டிலிருந்து அரை மணி நேரம் மிதித்தால் கோழிப்பண்ணை, ஆட்டுப்பண்ணை, கீரைத்தோட்டம், சாலையைச் சாவகாசமாகக் கடக்கும் உடும்பு எல்லாம் இருக்கிறது என்றேன். "அதுக்கு எதுக்குடா இவ்ளோ இறுக்கமா ஒரு காச்சட்டைய மாட்டிக்கிட்டுப் போற?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. அதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

2024 ஜனவரியில் ரோட் பைக் வாங்கினேன். வயது 44, வீடு புக்கிட் பாஞ்சாங், வேலை முழுக்க நாற்காலியில். பழைய அலுமினிய சைக்கிள், 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). விற்றவர் கோவிட் நேரத்தில் வாங்கி நாலைந்து தடவைதான் ஓட்டினேன் என்றார். டயரைத் தடவிப் பார்த்தால் உண்மை என்றுதான் தோன்றியது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கைப்பேசியில் நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன். அதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பாதை எப்போதும் ஒன்றுதான். பழைய சுவா சூ காங் ரோடு, கல்லறைகள், அங்கிருந்து வலது பக்கம் திரும்பி லிம் சூ காங் ரோட்டில் வடக்கே கடல் வரை. அந்தக் கோடியில் ஜோகூர் நீரிணையைப் பார்த்துக்கொண்டு ஒரு வாழைப்பழம். பிறகு வந்த வழியே தெற்கே திரும்பி வீடு. தெம்பு இருந்தால் பாதியில் நியோ தியூ ரோட்டில் நுழைந்து கிராஞ்சி நீர்த்தேக்க அணையைத் தாண்டி உட்லண்ட்ஸ் ரோடு வழியாக ஒரு வட்டம். அது கிட்டத்தட்ட 40 கி.மீ. வரும். மலை ஏற்றம் எதுவும் கிடையாது. நாட்டின் மிக உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டருக்குள்தான், அதிலும் நான் போகிற பக்கம் தட்டைத் தரை. அதனால் ரொம்ப சுலபமான பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் மாதக் குறிப்புகளில் பாதி வலியைப் பற்றித்தான். உட்காருகிற இடம், கழுத்து, உள்ளங்கை. மூன்றாவது வாரம், காலணியை பெடலோடு பூட்டிக்கொள்ளும் அந்த கிளிப் சமாச்சாரத்தை முயன்று பார்த்தேன். சிவப்பு விளக்கில் சைக்கிள் நின்றது, கால் கழலவில்லை, வெட்டிய வாழைமரம் மாதிரி அப்படியே இடது பக்கம் சாய்ந்தேன். பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு பாட்டி "ஐயோ" என்று சீனத்தில் சொன்னார். எந்த மொழியில் சொன்னாலும் அது ஐயோதான்.

இன்னொன்று, இங்கே சூரியன் சோம்பேறி. 1982இல் மலேசியாவோடு சேர்த்து கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததிலிருந்து விடியவே ஏழு மணி ஆகிறது, ஜனவரி கடைசியில் ஏழேகால். வெயிலுக்கு முன்னால் வீடு திரும்ப வேண்டுமென்றால் ஐந்தே முக்காலுக்கு இருட்டில் கிளம்பத்தான் வேண்டும். மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பும் சட்டப்படி தேவை, சாலையில் தலைக்கவசமும் கட்டாயம். சட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் கல்லறை ஓரத்தில் விளக்கில்லாமல் போக எனக்குத் துணிச்சல் கிடையாது. சீனர், முஸ்லிம், கிறிஸ்துவர், இந்து என்று எல்லாருக்கும் அங்கே இடம் உண்டு. நாய்கள் மட்டும் எல்லாருக்கும் பொது.

பிப்ரவரி, மார்ச் குறிப்புகளைப் படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. "போகும்போது 24, வரும்போது 30!!" என்று இரண்டு ஆச்சரியக்குறி, மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில். எல்லா வாரமும் இதே கதை. வடக்கே போகும்போது மூச்சு வாங்கும், திரும்பி வரும்போது பறப்பேன். உடம்பு சூடாக நேரம் எடுக்கிறது, சூடாகிவிட்டால் நான் வேறு ஆள் என்று முடிவு கட்டினேன். "டீசல் எஞ்சின் மாதிரி" என்று மனைவியிடம் பெருமையடித்தேன். டீசல் எஞ்சின் குளித்துவிட்டு வந்து துணி காயப்போட்டால் தேவலை என்றாள்.

ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டு வாரம் ஓட்டவே முடியவில்லை. சிங் மிங். சீனக் குடும்பங்கள் மூதாதையர் கல்லறையைச் சுத்தம் செய்து படையல் வைக்க வரும் நாட்கள், விடிவதற்கு முன்பே கார் வரிசை, காற்றெல்லாம் காகிதம் எரித்த புகை. நான் ஓரமாக இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். தெங்கா விமானத் தளத்தை விரிவாக்க அங்கே 80,000க்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டி எடுக்கப்படும் என்று 2017லேயே அறிவித்துவிட்டார்கள். ஒரு முதியவர் சின்ன முக்காலியில் உட்கார்ந்து கல்லில் மங்கிப்போன எழுத்துகளுக்கு மெல்லிய தூரிகையால் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சராசரி வேகம் என்ன என்று நான் குறித்து வைக்கவில்லை.

மே மாதம் நியோ தியூ ரோட்டில் பஞ்சர். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட எதுவும் அன்று உதவவில்லை. பின்சக்கரம், புஸ்ஸென்று சத்தம்கூட இல்லை, பின்பக்கம் கஞ்சி மாதிரி குழைந்தது. இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, நெம்புகோலால் டயரை விலக்கி, புது டியூப் போட்டு, கைப்பம்பால் இருநூறு தடவை அடித்து, கொசுவுக்கு அரை லிட்டர் ரத்தம் தானம் செய்து, பெருமையோடு ஏறினேன். நானூறு மீட்டர். மறுபடியும் கஞ்சி.

இரண்டாவது டியூப் என்னிடம் இல்லை, ஒட்டுப்போடும் பெட்டி மட்டும் இருந்தது. மடிக்க முடியாத சைக்கிளை எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் ஏற்ற முடியாது. மனைவிக்கு போன் போடலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்துப் பண்ணை வாசலிலிருந்து ஒரு தம்பி வந்தார். "அண்ணே, பஞ்சருங்களா?" புதுக்கோட்டைப் பக்கம், வந்து மூன்று வருடமாம். வருவதற்கு முன்னால் மாமாவின் சைக்கிள் கடையில் இருந்தவராம்.

டயரைக் கையில் வாங்கினார். டியூப்பைப் பார்க்கவே இல்லை. கழுத்தில் கிடந்த துண்டின் நுனியை டயரின் உட்புறத்தில் வைத்து, அவசரமே இல்லாமல், ஒரு சுற்று இழுத்துக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் நூல் சிக்கியது. நகத்தால் கீறி, பல்லால் கடித்து இழுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்: ஒரு மீசை முடி அளவு கம்பி. லாரி டயர் வெடித்தால் அதற்குள் இருக்கும் கம்பி இப்படிச் சாலையெல்லாம் சிதறிக் கிடக்குமாம். "டியூப்ப மாத்துனீங்க, குத்துனவன் உள்ளயே உக்காந்திருக்கான்ல அண்ணே." விரலால் தடவினால் விரல்தான் கிழியும், துணியால் தடவணும் என்றார். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் டியூப்பை அமுக்கி, குமிழி வந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பசை காயும்வரை ஊதாமல் காத்திருந்து ஒட்டினார். நான் எப்போதும் ஈரப் பசையிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்த கடலை மிட்டாய் பாக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டு "தேக்காவுல வாங்குனதா?" என்று கேட்டார். லிட்டில் இந்தியாவைத்தான் இங்கே தேக்கா என்போம்.

ஜூன் பிற்பகுதியிலிருந்து வீழ்ச்சி. இப்போது போகும்போது 29, வரும்போது 23. கடைசி ஏழு கிலோமீட்டரில் உயிர் போகிறது. குறிப்புகளில் நான் எழுதிய காரணங்கள், அப்படியே: தூக்கம் பத்தவில்லை. இருக்கை அரை அங்குலம் தாழ்வு. சங்கிலி தேய்ந்துவிட்டது. வயசு. முந்தின இரவு பிரியாணி. ஒவ்வொன்றுக்கும் மருந்தும் பார்த்தேன். சங்கிலி மாற்றினேன், 25 மி.மீ. டயரைக் கழற்றி 28 போட்டேன், காற்றழுத்தத்தை நூறிலிருந்து எழுபத்தைந்துக்குக் குறைத்தேன். கை நடுக்கம் குறைந்து சுகமாக இருந்தது, அது மட்டும் உருப்படியான செலவு. வேகம் என்னவோ அதே 23. ஒரு வாரம் சாப்பிடாமல் போய்ப் பார்த்து கிராஞ்சி பக்கம் கண் இருட்டிக்கொண்டு வந்து, காப்பிக்கடையில் இரண்டு பரோட்டாவும் இனிப்பு தூக்கலாக ஒரு தே தாரேக்கும் (ஆற்றிய பால் டீ) உள்ளே போன பிறகுதான் நான் யார் என்று நினைவு வந்தது.

பக்கத்து புளோக் அண்ணன் ஒருவர் பத்து வருடமாக ஓட்டுகிறார். அவருடைய குழுவில் இரண்டு வாரம் சேர்ந்தேன். 2022லிருந்து குழுவின் நீளம் ஐந்து சைக்கிளைத் தாண்டக்கூடாது, இருவர் இருவராகப் போனால் மொத்தம் பத்துப் பேர். மீறினால் அபராதம் 150 வெள்ளி. முன்னால் போகிறவர் முதுகில் ஒட்டிக்கொண்டால் திரும்பி வரும்போதும் 28 போக முடிந்தது, ஒரு கை நீளம் பின்தங்கினால் பொசுக்கென்று போய்விட்டது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "குழுவோடு போனால் உற்சாகம்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கடைசியில் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தது ஒரு கொடி. ஆகஸ்ட், தேசிய தினத்துக்கு முந்திய ஞாயிறு. ஊரெல்லாம் கொடி கட்டியிருந்தார்கள், ஒரு முட்டைப் பண்ணை வாசலிலும் பெரிய கொடி. வடக்கே போகும்போது தண்ணீர் குடிக்க அங்கே நின்றேன். கொடி படபடத்துக்கொண்டு நான் போகும் திசையையே கை நீட்டிக் காட்டியது. திரும்பி வரும்போது அதே கொடி என் முகத்தைப் பார்த்து அடித்தது. நடு ரோட்டில் வாய்விட்டுச் சிரித்தேன்.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை இங்கே காற்று வடக்கு, வடகிழக்கிலிருந்து. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தெற்குப் பக்கத்திலிருந்து. லிம் சூ காங் ரோடு கிட்டத்தட்ட நேர் வடக்கு தெற்கு. ஆக பிப்ரவரியில் என்னை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தது டீசல் எஞ்சின் அல்ல, வாடை. ஜூலையில் மூக்கில் குத்தியது தென்றல். எத்தனை கவிஞர்கள் அதைக் கொஞ்சியிருக்கிறார்கள்! தென்றலை வாய்க்கு வந்தபடி திட்டிய தமிழன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் 30இல் போகிறேன், எதிர்காற்று 10 என்றால் உடம்பில் மோதுவது 40. அதே காற்று முதுகில் என்றால் மோதுவது 20. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதனால் முதல் நிலையில் தடை நான்கு மடங்கு. இருக்கையை அரை அங்குலம் ஏற்றி இதைச் சமாளிக்கலாம் என்று நினைத்திருக்கிறேன் பாருங்கள். அப்புறம் வேகத்தை மறைத்துவிட்டு மூச்சைப் பார்த்து ஓட்டப் பழகினேன், எதிர்காற்றில் கியரை ஒன்றிரண்டு குறைத்துக்கொண்டு, முழங்கையை மடக்கி, கைப்பிடியின் கீழ் வளைவைப் பிடித்து. கழுத்து வலி திரும்ப வந்தது. சரி, ஏதாவது ஒன்றுதான்.

அக்டோபரில் தீபாவளி வேலைகள், முறுக்கு, இரண்டு ஞாயிறு போயே போச்சு. நவம்பரில் சாலையையே மூடினார்கள், இந்த முறை உண்மையான பறப்புக்கு. டோரன்ட் என்ற ஆகாயப்படைப் பயிற்சி, நான் 23இல் மூச்சு முட்ட மிதித்த அதே லிம் சூ காங் ரோட்டை இரண்டரை கிலோமீட்டர் ஓடுபாதையாக மாற்றி எஃப்-15, எஃப்-16 விமானங்களை அதிலிருந்து ஏற்றினார்கள். விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம் எல்லாம் கழற்றக்கூடியவையாம், இத்தனை மாதம் அந்த வழியாகப் போய் வந்தும் நான் கவனித்ததில்லை. விமானத் தளம் விரிவதால் இந்தச் சாலையே இடம் மாறப் போகிறது, இந்தப் பழைய சாலையில் இதுதான் கடைசிப் பயிற்சி என்றும் அப்போது செய்தி.

டிசம்பரில் சாலை திறந்திருந்தது. வடக்கே போகும்போது முகத்தில் ஈரக் காற்று, மூச்சு வாங்கியது, சந்தோஷமாகவே மிதித்தேன். கோடியில் வாழைப்பழம். திரும்பும் வழியில் அண்ணன் குழுவோடு எதிரே வந்தவர், என்னைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு துரத்திப் பிடித்து, தன் கைப்பிடியில் மாட்டியிருந்த வேகம் காட்டும் கணினியைத் தட்டிக் காட்டினார். 32.

"பரவாயில்லையே, தனியா வந்து இந்த வேகமா! ஆறு மாசத்துல நல்லா ஏறிட்டீங்க தம்பி."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம்ண்ணே" என்று சொல்லிவிட்டு, வாடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வீடு வந்து சேர்ந்தேன்.