தரையில் விழாத சொட்டு: வாட்டர் பம்ப் மாற்றிய அனுபவம்

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் தொட்டியில் மட்டம் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்ததை முதல் முறை பார்த்தபோது, மேல்கோடுவரை நிரப்பிவிட்டு அதை மறந்துவிட்டேன். பத்து நாளில் மீண்டும் அதே இடத்துக்கு இறங்கியிருந்தது. வண்டி நிற்கும் தரையில் ஈரத்தின் சுவடே இல்லை. வெப்பநிலை முள்ளும் வழக்கமான இடத்தைவிட்டு அசையவில்லை. மூடிய சுற்றுக்குள் ஓடும் திரவம் தானாகக் குறையாது என்பதால், அது எந்த வழியாக வெளியேறுகிறது என்று தேட வேண்டியதாயிற்று.

எல்லாரையும் போல நானும் ரேடியேட்டர் மூடியைத்தான் முதலில் சந்தேகித்தேன். புது மூடி போட்டும் பலனில்லை. எஞ்சினின் மேல்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய், கூலன்ட் ஆயிலில் கலக்கிறதோ என்ற பயத்தில் ஆயில் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். பால் கலந்தது போன்ற படிவு ஏதும் இல்லை. சைலன்சரில் ஓயாத வெண்புகையோ, ஹீட்டர் இருக்கும் பக்கத்து மிதியடியில் ஈரமோ, இனிப்பு வாடையோ இல்லை. இரண்டு வாரம் இப்படியே போயிற்று.

துப்பு கொடுத்தது காதுதான். காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும் பெல்ட் பக்கத்திலிருந்து மெல்லிய கரகரப்பு எழுந்து, சில நிமிடங்களில் அடங்கியது. நீண்ட ஸ்குரூடிரைவரின் கைப்பிடியைக் காதோரம் வைத்து, முனையை ஆல்டர்னேட்டர் கூடு, பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர், கூலன்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்பின் கூடு என ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டேன். (ஓடும் பெல்ட்டுக்கு அருகில் செய்யும் வேலை இது, தொங்கும் சட்டைக் கையோடு குனியவே கூடாது.) பம்பைத் தொட்ட கணத்தில், மணலை அரைப்பது போன்ற ஓசை கைப்பிடி வழியே தெளிவாக வந்தது.

பம்பின் கூட்டில், கூலன்டைத் தடுக்கும் சீலுக்கும் அச்சைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். சீல் தேய்ந்து கூலன்ட் தாண்டி வந்தால், அது பேரிங்கில் தேங்காமல் வெளியே வழியவே இந்த ஏற்பாடு. என் பம்பில் அந்தத் துளை கீழ்நோக்கி இருந்ததால், பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியை உள்ளே நீட்டி டார்ச் அடித்துத்தான் பார்க்க முடிந்தது. துளையின் விளிம்பிலிருந்து கீழே ஒரு விரல் நீளத்துக்கு, காய்ந்த இளஞ்சிவப்புப் பொருக்கு ஓடியிருந்தது. கசிந்த சொட்டுகள் சூடான உலோகத்திலேயே ஆவியாகி, இந்தப் பொருக்கை மட்டும் விட்டுச் சென்றிருக்கின்றன. தரை ஏன் காய்ந்தே கிடந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. உறுதி செய்துகொள்ள, இரவு முழுவதும் குளிர்ந்த எஞ்சினில் அழுத்தச் சோதனைப் பம்பை மாட்டி, ரேடியேட்டர் மூடியில் குறித்திருந்த 1.1 பார் அழுத்தத்தைத் தாண்டாமல் காற்றேற்றினேன். கால் மணி நேரத்தில் முள் இறங்க, துளையில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது.

என் எஞ்சினில் பம்பை ஓட்டுவது வெளியே உள்ள துணைக்கருவி பெல்ட் என்பதால் துணிந்து இறங்கினேன். வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் பெல்ட்டால் ஓடும் பம்ப் என்றால், அந்த பெல்ட்டையும் சேர்த்து மாற்றுவதே புத்திசாலித்தனம். ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் எஞ்சின்கள் பல உண்டு.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு கூலன்டை ஒரு தொட்டியில் வடித்தேன். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். ஆனால் நாய்க்கும் பூனைக்கும் கொடிய நஞ்சு. அதனால் தொட்டியை உடனே மூடி வைத்தேன். அடுத்து ஒரு முட்டாள்தனம் செய்தேன். பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லியின் போல்ட்டுகளை, பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே தளர்த்தியிருக்க வேண்டும். நானோ பெல்ட்டை முதலில் கழற்றிவிட்டேன். ஸ்பேனரோடு சேர்ந்து புல்லியும் சுழன்றது. பெல்ட்டை மறுபடி மாட்டித் தளர்த்தியதில் அரைமணி நேரம் வீணானது. பம்பைப் பிடித்திருந்த ஏழு போல்ட்டுகளில் இரண்டு நீளமானவை. அட்டையில் பம்பின் வடிவத்தை வரைந்து, எடுத்த போல்ட்டை அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தேன். ஒன்று துருப்பிடித்து அசைய மறுத்தது. அதை வற்புறுத்தி உடைப்பதைவிட, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு பொறுத்திருப்பது மேல் என்று வேலையை நிறுத்தினேன். மறுநாள் சற்றே இறுக்கி, பிறகு தளர்த்த, வந்துவிட்டது.

அதிக நேரம் பிடித்தது, பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே இருந்த பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும் வேலை. எஞ்சின் பக்கத்து முகம் அலுமினியம் என்பதால் இரும்புக் கத்தியைத் தொடவில்லை. துகள்கள் உள்ளே விழாதபடி எஞ்சினின் திறந்த வாயில் துணியை அடைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் ஒன்றரை மணி நேரம் தேய்த்தேன். விரல் நுனியால் சுற்றித் தடவும்போது எங்கும் தடங்கல் இல்லாத அளவுக்கு வந்த பிறகே புது கேஸ்கெட்டை வைத்தேன். அது உலர்ந்தே பொருத்தப்பட வேண்டியது, பசை பூசவில்லை. போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு சுற்றில், கையேடு சொன்ன 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினேன்.

கழற்றிய பம்பைக் கையில் சுழற்றியபோது, பேரிங் ஒரு இடத்தில் தட்டுத் தட்டி நின்றது. அச்சைப் பக்கவாட்டில் ஆட்டினால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆடியது. கூலன்டைத் தள்ளும் இம்பெல்லரின் இதழ்களோ முழுசாகவே இருந்தன. சுற்றோட்டம் குறையாததால்தான் வெப்பநிலை முள் கடைசிவரை எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

கையேட்டில் குறித்த வகைக் கூலன்டை, காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதி கலந்து ஊற்றினேன். நிறத்தை மட்டும் நம்பி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே நிறத்தில் வெவ்வேறு வேதிக் கலவைகள் விற்கின்றன. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டபோது காற்றுக் குமிழ்கள் வெகுநேரம் வந்துகொண்டிருந்தன. ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொடர்ந்து கீழ்க் குழாயும் சூடாகி, ஹீட்டரில் சீரான வெப்பம் வந்த பிறகே நிறுத்தினேன். ஆறியபின் பார்த்தால் மட்டம் இறங்கியிருந்தது. இன்னும் அரை லிட்டர் பிடித்தது.

முதல் இரண்டு நாள் புதுப் பம்பின் துளையோரத்தில் மெல்லிய ஈரப்பசை தெரிந்து வயிற்றைக் கலக்கியது. சீல் படியும்வரை சில பம்புகளில் அப்படி இருப்பதுண்டு என்பதால் தொடாமல் விட்டேன். மூன்றாம் நாள் காய்ந்துவிட்டது. கூலன்ட் தொட்டியில் மட்டத்தைக் குறிக்க நான் ஒட்டிய டேப்பின் விளிம்பிலேயே, மூன்று வாரமாக மட்டம் நிற்கிறது.