ஊர் மாறியபோது வயிறும் மாறியது

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். அவர் விட்டுப்போன தஞ்சைச் சீமைக்கே நான் கல்யாணமாகி வந்து சேர்ந்திருக்கிறேன். பிறந்தது, படித்தது, வேலை பார்த்தது எல்லாம் மலேசியாவில், கிள்ளானில். இப்போது இருப்பது மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் வழியில் ஒரு கிராமம். பேசுவது தமிழ்தான் என்றாலும் எனக்கு இது புது நாடு. விசா, வங்கிக் கணக்கு, கியாஸ் இணைப்பு என்று அலைந்ததைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் வயிற்றைப் பற்றி எழுத நினைக்கிறேன். குடிபெயர்கிறவர்கள் அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை.

கிள்ளானில் காலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு அல்லது புரோட்டா போன்ற ரொட்டி சானாய், கூடவே கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக் என்ற தேநீர். மத்தியானம் வேலையிடத்தில் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ். இரவு வீட்டில் வெள்ளைச் சோறும் கோழிக் குழம்பும். ருசிக்கு ஒரு குறையும் கிடையாது, இன்றைக்கும் நாக்கு அதைக் கேட்கிறது. ஆனால் நார்ச்சத்து உள்ள பொருள் அதில் எவ்வளவு இருந்தது என்று யோசித்துப் பார்த்தால் தட்டின் ஓரத்தில் கொஞ்சம் கங்கோங் கீரை, அவ்வளவுதான். 2019இல் மலேசியா எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கில் வயது வந்தவர்களில் 18.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று வந்தது. இந்திய வம்சாவளியினரிடம் அது இன்னும் அதிகம். அப்பா, பெரியம்மா, சித்தப்பா என்று என் சொந்தத்தில் வரிசையாக மாத்திரை போடுகிறவர்கள்தான். பள்ளிக்கூட வயதிலிருந்தே எனக்கு மலச்சிக்கல். அது உடம்புவாகு என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

இங்கே வந்த புதிதில் வயிறு உப்பிக்கொண்டது. தினமும் ஒரு கீரை, வாழைத்தண்டுக் கூட்டு, பச்சைப்பயறு, மொச்சை, அவரைக்காய், கொத்தவரங்காய். தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் காய்ச்சிக் குடித்தேன். அத்தை பார்த்துவிட்டு, "ஒரேயடியா அள்ளி வச்சுக்காதேம்மா, கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கு. வயிறு புதுசுல்ல" என்றார். அவர் சொன்னது அப்படியே சரி என்பது அப்புறம் படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது.

நாம் தின்னும் நார்ச்சத்தை நம் குடல் தானாகச் செரிக்காது. அது பெருங்குடல் வரை போய், அங்கே கோடிக்கணக்கில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. அவை நாரை நொதிக்கவைத்து ப்யூட்டிரேட் போன்ற சிறிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தமக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கை இந்த ப்யூட்டிரேட்டிலிருந்துதான் எடுக்கின்றன. அழற்சியை அடக்குவதிலும் அதற்குப் பங்குண்டு. நார் போதாவிட்டால் சில நுண்ணுயிர்கள் குடல்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்குவதை எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். நார் குறைவாகவே பழகிய வயிற்றில் திடீரென்று பயறும் தண்டும் விழுந்தால் வாயு கூடும். மெதுவாகக் கூட்டி, தண்ணீரும் நிறையக் குடித்தால் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும். எனக்கும் அடங்கியது. உடம்புவாகு என்று நினைத்த மலச்சிக்கலும் போயிற்று.

குடிபெயர்கிறவர்களின் குடலைப் பற்றியே 2018இல் ஓர் ஆய்வு வந்தது. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குப் போன மோங், கரேன் இனப் பெண்கள் ஐநூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். வந்த சில மாதங்களிலேயே அவர்களுடைய குடலில் செடிகொடி நாரைச் செரிக்கும் பிரிவோடெல்லா என்ற நுண்ணுயிர் வகைகள் குறைந்து, பாக்டீராய்ட்ஸ் என்ற வேறு வகைகள் பெருகின. அங்கேயே பிறந்த அடுத்த தலைமுறையிடம் நுண்ணுயிர்களின் பன்முகம் இன்னும் சுருங்கியிருந்தது. உணவு மாற்றம் மட்டுமே இதை முழுக்க விளக்கிவிடாது என்றும் அந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வந்தது. அவருக்கு அப்புறம் இரண்டு தலைமுறையாக எங்கள் குடலில் என்னென்ன காணாமல் போயிருக்கும்?

போனது ஓரளவாவது திரும்புமா என்ற கேள்விக்கு நம்பிக்கை தருகிற ஆய்வும் உண்டு. 2015இல் தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேரும் அமெரிக்கக் கறுப்பினத்தவர் 20 பேரும் இரண்டு வாரம் உணவை மாற்றிக்கொண்டார்கள். நார் மிகுந்த கிராமத்துச் சாப்பாட்டுக்கு வந்த அமெரிக்கர்களின் குடலில் ப்யூட்டிரேட் உற்பத்தி இரண்டரை மடங்கானது. பர்கர் பக்கம் போன ஆப்பிரிக்கர்களிடம் அது பாதியாகக் குறைந்தது. இரண்டே வாரம்!

எங்கள் ஊரில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே ஈரமான வயலில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்த தாளுக்கு நடுவே அவை முளைத்து வரும். தனியாக உழவு கிடையாது, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமே அவற்றுக்குப் போதும். பங்குனி வாக்கில் புதுப்பயறு வீட்டுக்கு வந்துவிட்டால் சுண்டல், கஞ்சி, கூட்டு, கடைசல் என்று ஏதாவது ஒன்றில் பயறு இல்லாத நாளே இருக்காது. வரப்பில் கிடைக்கும் கீரைகளில் பாதிக்கு எனக்குப் பெயர்கூடத் தெரியாது. அத்தை பறித்துக்கொண்டு வந்து கொடுப்பார், நான் ஆய்வேன். ஒரே கீரையை அடுத்தடுத்த நாளில் அவர் சமைத்து நான் பார்த்ததில்லை. நுண்ணுயிர்களுக்கு வேண்டியதும் அந்த மாற்றி மாற்றித் தின்னும் பழக்கம்தான். ஒவ்வொரு வகை நாருக்கும் ஒவ்வொரு கூட்டம் உண்டு.

பழைய சோற்றைப் பற்றி இங்கேயும் இணையத்திலும் அமுதம் என்ற அளவுக்குப் பேசுகிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். புழுங்கலரிசிச் சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத மாவுச்சத்தாக மாறிப் பெருங்குடலுக்குப் போகிறது. இரவு முழுக்க ஊறுவதில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வளர்கின்றன. இட்லிமாவும் நொதிப்பதுதான், ஆனால் ஆவியில் வேகும்போது அந்த உயிர்கள் செத்துவிடும். பழைய சோற்றிலும் மோரிலும் அவை உயிரோடு உள்ளே போகின்றன. 2021இல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரிடம் செய்த ஆய்வில், பத்து வாரம் தயிர், கிம்சி (கொரியர்களின் புளித்த முட்டைக்கோஸ்) போன்ற நொதித்த உணவுகளைக் கூட்டிச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் நுண்ணுயிர்களின் பன்முகம் கூடி, இரத்தத்தில் அழற்சிக் குறிகள் குறைந்தன. அதற்காகச் சர்க்கரை உள்ளவர்கள் ஒரு குண்டான் பழைய சோற்றைச் சாப்பிடலாம் என்று ஆகாது, அது சோறுதான். அத்தையின் கணக்கில் இலேசான புளிப்பு வாசம் இருக்கலாம், நூல் விட்டால் மாட்டுக்குக்கூட வைக்காமல் கொட்டிவிட வேண்டும். கூடவே கடித்துக்கொள்கிற சின்ன வெங்காயத்தில் நுண்ணுயிர்களுக்குப் பிடித்த ஃப்ரக்டான் நார் இருக்கிறது.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. டெல்டா மண்ணிலோ பரம்பரை ரத்தத்திலோ தனியாக ஒரு மந்திரமும் கிடையாது. மூன்று வேளையும் நன்றாகத் தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றை மலையாகக் குவித்து, காயைத் தொட்டுக்கொள்ள மட்டும் வைக்கிற வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. மன்னார்குடிக் கடைத்தெருவில் சாயங்காலம் புரோட்டாக் கல்லைச் சுற்றித்தான் கூட்டம். எங்கள் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவற்றில் மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக்கவுனியையும் வெளியூர்க்காரர்கள் தேடிவந்து வாங்கிப் போகிறார்கள். நான் கிள்ளானில் விட்டுவிட்டு வந்த சாப்பாட்டுக்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் இப்போதுதான் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது. கல்யாண வீட்டுச் சமையலை இந்த ஊர் நன்றாகவே காப்பாற்றி வைத்திருக்கிறது. கைநழுவிப் போவது சாதாரண நாளின் கீரையும் தண்டும் பயறும்தான்.

தங்கை கிள்ளானிலிருந்து கூப்பிடும்போதெல்லாம், "உனக்கென்னக்கா, வீட்டு வாசலிலேயே எல்லாம் கிடைக்குது" என்கிறாள். அவளுக்கும் கிடைக்கிறது. பாசாரில், அதாவது சந்தையில், மலாய்க்காரர்கள் பச்சையாகச் சாப்பிடும் உலாமுக்கு விற்கும் பெகாகா நம்முடைய வல்லாரைதான். தெம்பே சோயாவை நொதிக்கவைத்துச் செய்வது. வறுத்தால் அதிலுள்ள உயிர்கள் போனாலும் நாரும் புரதமும் போகாது. பெத்தாய் என்ற அவரை போன்ற கொட்டை இருக்கிறது, பயறு எந்த மளிகைக் கடையிலும் இருக்கிறது. தே தாரிக்கை ஒரு வேளையாகக் குறைத்து, ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பயறும் கீரையும் வை என்று சொல்லியிருக்கிறேன். போன வாரம் வல்லாரைத் துவையலுக்குப் புளி எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டாள். அத்தையிடமே போனைக் கொடுத்துவிட்டேன்.