நாங்களே ஒரு வழி பார்த்துக்கிறோம் சார்

"ரீட் ஆக்சஸ் மட்டும் குடுங்க சார், மாசக் கடைசியில ஒரு ராத்திரி போதும்" என்று வசூல் பிரிவின் பேட்ச் வேலைகளை, அதாவது பதிவுகளை மொத்தமாக ஓட்டும் வேலைகளை, பார்ப்பவர் கேட்டார். டேட்டாபேஸை நேரடியாகப் படிக்கும் அனுமதி தர முடியாது என்றேன். வாடிக்கையாளர் விவரம் யாருக்கு வேண்டுமானாலும் ‘வாடிக்கையாளர் சர்வீஸ்’ என்ற புரோகிராமைத்தான் அழைக்க வேண்டும், அதன் டேட்டாபேஸை வேறு யாரும் தொடக் கூடாது என்பது எல்லோரும் கூடி ஒப்புக்கொண்ட விதி. அவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

விதி சும்மா வரவில்லை. முன்பெல்லாம் ஒரே டேபிளை ஆளாளுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். முகவரி ஃபீல்டை இரண்டாகப் பிரித்த அன்று, இருப்பதே எங்களுக்குத் தெரியாத ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஓடாமல் விழுந்தன. யார் படிக்கிறார்கள் என்று தெரியாத டேபிளில் ஒரு பெயரைக்கூட மாற்ற முடியாது. 2002 வாக்கில் அமேசானில் ஜெஃப் பெசோஸ் போட்ட உத்தரவைப் பற்றி, அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் யெகி 2011இல் எழுதினார். ஒரு அணி இன்னொரு அணியின் தரவை நேரடியாகப் படிக்கக் கூடாது, சர்வீஸ் வழியாகத்தான் பேச வேண்டும், மீறினால் வேலை போகும். எங்கள் கூட்டத்தில் இதைச் சொல்லித்தான் விதிக்கு ஆதரவு சேர்த்தேன். இன்றும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அவர் விதியை எதிர்த்துப் பேசவே இல்லை. "வாசல் ஒண்ணுதான்னு சொல்றீங்க, சரி. ஆனா அந்த வாசல்ல லாரி நுழையாதே சார்" என்றார். கணக்கையும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒரு அழைப்புக்கு 40 மில்லிசெகண்டு. வாடிக்கையாளர்கள் 6 லட்சம். ஒவ்வொருவராகக் கேட்டால் 24,000 செகண்டு, அதாவது 6 மணி 40 நிமிடம். பேட்ச் ஓட இருந்தது 4 மணி நேரம்தான். ஒரே நேரத்தில் பத்துப் பத்தாக அழைத்தால் 40 நிமிடத்தில் முடியும். ஆனால் உதவி மையமும் இரவெல்லாம் அதே சர்வீஸைத்தான் அழைக்கிறது. டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களை பேட்ச் வளைத்துக்கொண்டால் அவர்கள் திரை அப்படியே நின்றுவிடும்.

நெட்வொர்க்கில் தாமதமே இல்லை என்று நினைத்து வடிவமைப்பது தவறு என்று கணினி விஞ்ஞானி பீட்டர் டாய்ச் 1994இலேயே சொல்லியிருந்தார். அது எனக்கும் தெரியும். அதனால்தான் மொத்தமாகத் தரும் ஒரு இன்டர்ஃபேஸ் செய்து தரச் சொல்கிறேன் என்றேன். செய்ய வேண்டியது வேறு அணி. அவர்கள் பட்டியலில் அது அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போனது. அதைச் சொன்னபோதுதான் அவர் "அப்போ நாங்களே ஒரு வழி பார்த்துக்கிறோம் சார்" என்றார். நான் தலையாட்டினேன். என்ன வழி என்று கேட்கவில்லை.

அந்த இடம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்டிருக்க வேண்டுமா? ஒவ்வொரு அணியும் உள்ளே என்ன செய்கிறது என்று பார்ப்பது என் வேலை இல்லை. எல்லையைத் தாண்டிப் பார்க்காமல் இருப்பதற்காகத்தானே சர்வீஸ்களாகப் பிரித்தோம்! அப்புறம் யோசித்தால், நான் மறுத்ததால் பிறந்த வழி அது, அதை விசாரிப்பது எப்படி எல்லை மீறலாகும் என்றும் தோன்றுகிறது.

அவர்கள் மாதம் முழுக்க, இரவில் கொஞ்சம் கொஞ்சமாக சர்வீஸை அழைத்து, தங்கள் டேபிளில் ஒரு நகல் சேர்த்தார்கள். ஒரு விதியும் மீறப்படவில்லை. பிறகு ஒரு மாதம், இறந்துவிட்டார் என்று உதவி மையம் பதிவு செய்திருந்த ஒருவர் பெயருக்கு நிலுவைக் கடிதம் போனது. அவருடைய மகள் போன் செய்து, "இன்னும் எத்தனை பேர்கிட்ட சொல்லணும்?" என்று கேட்டாராம். சர்வீஸில் பதிவு சரியாகவே இருந்தது. வசூல் பிரிவின் நகல்தான் பழசு.

ரீட் ஆக்சஸ் கொடுத்திருந்தால் கடிதம் போயிருக்காது என்று விசாரணையில் ஒருவர் சொன்னார். அது அவ்வளவு நிச்சயம் இல்லை. இறப்புப் பதிவு வாடிக்கையாளர் டேபிளிலேயே கிடையாது, தனி டேபிளில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தருவது சர்வீஸ்தான். நேரடியாகப் படித்திருந்தால் அந்த இரண்டாவது டேபிள் அவர்களுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவர் கவனமான ஆள். கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்.

இப்போது வாடிக்கையாளர் விவரம் மாறினால் சர்வீஸே காஃப்கா என்ற, செய்திகளைக் கடத்தும் மென்பொருளில் அறிவிக்கிறது. வேண்டியவர்கள் எடுத்துத் தங்கள் நகலைத் திருத்திக்கொள்கிறார்கள். நகலே கூடாது என்று வாதாடிய நான்தான் இந்த வடிவத்துக்கு ஒப்புதல் கொடுத்தேன். வசூல் பிரிவின் அந்த டேபிளும் அழியவில்லை, இந்த அறிவிப்புகளோடு இணைந்துவிட்டது. அறிவிப்பு ஒன்று வழியில் தவறினால் நகல் மறுபடி பழசாகும் என்பதால், வாரம் ஒருமுறை நகலையும் சர்வீஸின் பதிவையும் ஒப்பிட ஒரு ஜாப் ஓடுகிறது.

அதில் வித்தியாசம் வந்தால் யார் பார்ப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. நகல் வைத்திருப்பவர்தான் பார்க்க வேண்டும் என்கிறேன் நான். "மாத்துறது உங்க பக்கம் சார், வந்து சேர்ந்துச்சான்னு பார்க்க வேண்டியதும் நீங்கதான்" என்கிறார் அவர்.