கொலையா, கொலையாகாத மரணமா: குற்றவியல் தாளுக்கு நான் படித்த முறை

சட்டக் கல்லூரியின் பருவத் தேர்வானாலும் உரிமையியல் நீதிபதி பதவிக்கான தேர்வானாலும், குற்றவியல் தாளில் யாரேனும் ஒருவர் உயிரிழக்கும் வினா ஒன்று பெரும்பாலும் இருக்கும். நான்கைந்து வரிகளில் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டு, ‘அ’ என்பவர் என்ன குற்றம் புரிந்தார் என்று கேட்பார்கள். பிரிவு எண்களையும் தண்டனைக் காலங்களையும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள்கூட இந்த வினாவில் தடுமாறுவதுண்டு. இதில் சோதிக்கப்படுவது செய்தவரின் மனநிலையை அளந்து சொல்லும் திறன் என்பதே காரணம். அந்த அளவுகோலை நான் எப்படிப் பழகினேன் என்பதை, அடுத்து எழுதப்போகிறவர்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் மூலச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். வழிகாட்டி நூல்களைப் பிறகுதான் திறந்தேன். பாரதிய நியாய சன்ஹிதாவின் 100, 101 ஆகிய பிரிவுகள், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 299, 300 ஆகியவற்றின் தொடர்ச்சியே. 100ஆம் பிரிவு மரணம் விளைவிக்கும் குற்றத்தை, அதாவது வகுப்பறையில் கல்பபிள் ஹோமிசைட் என்று நாம் சொல்வதை, வரையறுக்கிறது. 101ஆம் பிரிவு, அதில் எவையெல்லாம் கொலை என்று கூறுகிறது. ஆகவே எல்லாக் கொலையும் மரணம் விளைவிக்கும் குற்றமே. மரணம் விளைவிக்கும் குற்றமெல்லாம் கொலை அன்று. ஆந்திரப் பிரதேச அரசு எதிர் ராயவரப்பு புன்னய்யா வழக்கில் 1976இல் உச்ச நீதிமன்றம் இதைப் பேரினம், சிற்றினம் என்ற உறவாக விளக்கி, வினாக்களை எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டது. அந்தச் செயலுக்கும் மரணத்துக்கும் காரணத் தொடர்பு உண்டா? உண்டெனில் அது 100ஆம் பிரிவுக்குள் வருகிறதா? வந்தால், 101இன் நான்கு உட்பிரிவுகளில் ஏதேனும் ஒன்றில் அடங்குகிறதா? அடங்கினால், விதிவிலக்கு ஏதும் பொருந்துகிறதா? இந்த வரிசையை விடைத்தாளில் மாற்றவே கூடாது. நேராகத் திடீர் ஆத்திரமூட்டலுக்குத் தாவும் விடை, அதன் முடிவு சரியாகவே இருந்தாலும், பாதி மதிப்பெண்ணை இழக்கும் என்பது என் கணிப்பு.

அடுத்ததாக ஒரு பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இடப்பக்கம் 100ஐயும் வலப்பக்கம் 101ஐயும் உட்பிரிவு உட்பிரிவாக எதிரெதிரே எழுதினேன். இந்தப் பாடத்தில் வேறெந்த உழைப்பும் இதற்கு ஈடாகவில்லை. மரணத்தை விளைவிக்கும் உள்நோக்கம் இருபுறமும் ஒன்றுபோலவே இருப்பதால் அங்கே சிக்கல் இல்லை. விதிவிலக்கு இல்லாவிட்டால் அது கொலை. வேறுபாடு மற்ற வரிகளில்தான் இருக்கிறது. மரணம் நேரக்கூடிய காயத்தை உள்நோக்கத்தோடு ஏற்படுத்தினால் அது இடப்பக்கம். அந்தக் குறிப்பிட்ட நபருக்கு அது மரணத்தைத் தரக்கூடும் என்று செய்பவர் அறிந்தே ஏற்படுத்தினாலோ, இயல்பான போக்கில் மரணத்தை விளைவிக்கப் போதுமான காயத்தை ஏற்படுத்தினாலோ அது வலப்பக்கம். நோயாளி என்று தெரிந்தே ஒருவரை அடிப்பதும், தெரியாமல் அடிப்பதும் பிரிவது இங்கேதான். உள்நோக்கமின்றி அறிந்திருத்தல் மட்டும் உள்ள வழக்குகளிலும் இதே படிநிலை உண்டு: மரணம் நேரக்கூடும் என்று அறிந்திருந்தால் இடப்பக்கம், ஏறக்குறைய நிச்சயமாக மரணம் நேரும் அளவுக்கு உடனடி ஆபத்தானது என்று அறிந்தும், அத்துணிவுக்கு எந்த நியாயமும் இன்றிச் செய்தால் வலப்பக்கம். கூட்டத்தை நோக்கிப் பீரங்கியால் சுடும் எடுத்துக்காட்டு இதற்காகவே சட்டத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

எடுத்துக்காட்டுகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 100ஆம் பிரிவில் ஒரே புதர் இருமுறை வருகிறது. புதருக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரிந்த ஒருவர், அது தெரியாத இன்னொருவரைத் தூண்டிச் சுடச் செய்கிறார். தூண்டியவர் குற்றவாளி, சுட்டவர்மீது இந்தக் குற்றம் சாராது. அடுத்த எடுத்துக்காட்டில், திருடும் நோக்கத்தோடு கோழியைச் சுட்டவரின் குண்டு புதருக்குப் பின்னால் இருந்தவர்மேல் பாய்கிறது. அங்கே ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் செய்துகொண்டிருந்தது சட்டவிரோதச் செயலே ஆனாலும் இது மரணம் விளைவிக்கும் குற்றம் ஆகாது. தேர்வு வினாக்கள் பல இந்தப் புதரைச் சுற்றியே அமைக்கப்படுகின்றன.

முன்தீர்ப்புகளில் இரண்டை நுணுக்கமாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் படிப்பது போதும். முதலாவது, 1876இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வந்த கோவிந்தா வழக்கு. கணவன் மனைவியைக் கீழே தள்ளி, மார்பில் ஒரு முழங்காலை ஊன்றி, முகத்தில் மூடிய கையால் இரண்டு மூன்று முறை பலமாகக் குத்துகிறான்; மூளையில் இரத்தம் கசிந்து அவள் இறக்கிறாள். நீதிபதி மெல்வில் இரு பிரிவுகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிட்டது இந்தத் தீர்ப்பில்தான். கொல்லும் உள்நோக்கம் இல்லை, காயம் இயல்பான போக்கில் மரணத்துக்குப் போதுமானதாகவும் இல்லை, எனினும் மரணம் நேரக்கூடியதாக இருந்தது என்று கண்டு, இது கொலையாகாத மரணம் விளைவிக்கும் குற்றம் என்று முடிவு செய்தார்.

இரண்டாவது, 1958இன் விர்சா சிங் வழக்கு. வயிற்றில் ஈட்டியால் ஒரே ஒரு குத்து. குடல் வெளியே வந்துவிட்டது. காயமுற்றவர் மறுநாள் இறந்தார். அந்த அளவு காயத்தை ஏற்படுத்தும் எண்ணம் தமக்கு இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்பது குற்றம் சாட்டப்பட்டவரின் வாதம். நீதிபதி விவியன் போஸ் அதை ஏற்கவில்லை. காயம் ஒன்று இருக்கிறது என்பதையும் அதன் தன்மையையும் முதலில் நிறுவ வேண்டும். பிறகு, அந்தக் காயத்தையே ஏற்படுத்தும் உள்நோக்கம் இருந்தது, அது தற்செயலாகவோ வேறொரு காயத்தை எண்ணிச் செய்யும்போதோ நேர்ந்ததன்று என்பதை நிறுவ வேண்டும். அதன்பின், அக்காயம் இயல்பான போக்கில் மரணத்துக்குப் போதுமானதா என்பதை மருத்துவச் சான்றைக் கொண்டு புறநிலையாக முடிவு செய்ய வேண்டும் என்றார். இந்தக் கடைசிப் படியில் குற்றவாளி என்ன நினைத்தார் என்ற கேள்விக்கே இடமில்லை. புன்னய்யா வழக்கில் தடிகளால் கை கால்களில்தான் அடித்தார்கள், உயிர்நிலைகளில் அன்று. அப்படியிருந்தும், உயர் நீதிமன்றம் குறைத்த குற்றத்தை உச்ச நீதிமன்றம் மீண்டும் கொலையாக்கியது, இயல்பான போக்கில் மரணத்துக்குப் போதுமான காயம் பற்றிய இந்த உட்பிரிவின் வலுவால்தான். மறுபுறம், 1968இன் ஹர்ஜிந்தர் சிங் வழக்கில், சண்டையின் நடுவே குறுக்கிட்டவரின் தொடையில் கத்தி பாய்ந்தபோது, அந்த இடத்தில் அந்தக் காயத்தையே எண்ணிச் செய்தார் என்பது நிறுவப்படாததால் அது கொலை ஆகவில்லை. வினாவில் ‘தள்ளுமுள்ளு’, ‘விலகியபோது’, ‘இருட்டில்’ போன்ற சொற்கள் வந்தால், அவை விர்சா சிங்கின் உள்நோக்கப் படிக்கு உங்களை அழைக்கும் குறிப்புகள் என்று கொள்ளுங்கள்.

நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளை இணையாகப் படிப்பது மிகவும் பயன் தந்தது. 1912இன் சூரியநாராயண மூர்த்தி வழக்கில், காப்பீட்டுத் தொகைக்காக ஒருவரைக் கொல்ல எண்ணி நஞ்சு கலந்த அல்வா தரப்படுகிறது. அவர் சிறிது தின்றுவிட்டு எறிந்துவிட, அதை எடுத்துத் தின்ற சிறுமி இறக்கிறாள். எண்ணியவர் பிழைத்து எண்ணாதவர் இறந்தாலும் அது கொலையே. இன்றைய 102ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. 1919இன் பழனிக் கவுண்டன் வழக்கில், கணவன் கலப்பையின் கொழுவால் மனைவியின் தலையில் அடிக்க, அவள் நினைவிழக்கிறாள். இறந்துவிட்டதாக நம்பி, தற்கொலைபோலக் காட்டுவதற்காகக் கயிற்றில் தொங்கவிடுகிறான். உண்மையில் உயிர் போனது அந்தக் கயிற்றால்தான். முதல் செயலில் கொல்லும் எண்ணமில்லை, இரண்டாவது செயல் பிணத்துக்குச் செய்வதாக நினைத்துச் செய்தது என்பதால், முழு அமர்வு அதை மரணம் விளைவிக்கும் குற்றமாகக் கொள்ளாமல் கொடுங்காயத்துக்கே தண்டித்தது. முதல் செயலிலேயே கொல்லும் எண்ணம் இருந்திருந்தால் முடிவு மாறும். 1943இன் தவமணி வழக்கில், இறந்துவிட்டதாக நினைத்துக் கிணற்றில் போட்டதும் முதல் அடியும் ஒரே நிகழ்வின் பகுதிகளாகக் கொள்ளப்பட்டு, கொலை என்றே தீர்ப்பாயிற்று. இம்மூன்றையும் ஒரே பத்தியில் வேறுபடுத்தி எழுதிப் பழகினால், உள்நோக்கமும் செயலும் ஒரே நேரத்தில் இணைந்திருக்க வேண்டும் என்ற கொள்கை தானே தெளிவாகும்.

விதிவிலக்குகள் ஐந்து: கடுமையான திடீர் ஆத்திரமூட்டல், நல்லெண்ணத்தோடு தற்காப்புரிமையை மீறுதல், பொது ஊழியர் அதிகாரத்தை மீறுதல், முன்திட்டமற்ற திடீர்ச் சண்டை, பதினெட்டு வயதைக் கடந்தவரின் சம்மதம். தேர்வில் அதிகம் வருபவை முதலாவதும் நான்காவதுமே. முதலாவதற்கு நானாவதி வழக்கு போதும்: வேறொருவரோடு தனக்கிருந்த உறவை மனைவி ஒப்புக்கொண்டதைக் கேட்ட கடற்படை அதிகாரி, குடும்பத்தாரைத் திரைப்பட அரங்கில் விட்டுவிட்டு, கப்பலுக்குச் சென்று துப்பாக்கி பெற்று, அதன்பின் அந்த நபரைத் தேடிச் சென்று சுட்டார். அந்த இடைவெளியில் நிதானம் திரும்பப் போதுமான நேரம் இருந்தது என்று உச்ச நீதிமன்றம் 1961இல் கூறியது. நான்காவதில் யார் முதலில் தாக்கினார் என்பது பொருட்டில்லை. ஆனால் ஒருவர் அளவுமீறிய சாதகத்தை எடுத்துக்கொண்டாலோ கொடூரமாக நடந்துகொண்டாலோ விலக்கு கிடைக்காது. விதிவிலக்கை நிறுவும் சுமை குற்றம் சாட்டப்பட்டவரைச் சார்ந்தது என்ற வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

கவனக்குறைவால் நேரும் மரணத்தில் உள்நோக்கமும் இல்லை, மரணம் நேரும் என்ற அறிவும் இல்லை; அதனால்தான் அது 106ஆம் பிரிவில் தனியே நிற்கிறது. பழைய 304அ பிரிவில் உச்சத் தண்டனை இரண்டு ஆண்டு. இப்போது ஐந்து ஆண்டு. சிகிச்சையின்போது நேர்ந்தால் பதிவு பெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை. மருத்துவரின் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருந்தால்தான் குற்றவியல் பொறுப்பு என்று 2005இன் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு வரையறுத்தது. விபத்து நடத்திவிட்டுத் தப்பியோடும் ஓட்டுநருக்கான 106(2) பிரிவு, சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது நிறுத்திவைக்கப்பட்டது. மது அருந்தி வண்டியோட்டி நடைபாதையில் உறங்கியவர்களின் உயிரைப் பறித்த அலிஸ்டர் பரேரா வழக்கில், ஆபத்தை அறிந்தே செய்தார் என்ற அடிப்படையில் பழைய சட்டத்தின் 304ஆம் பிரிவின் (கொலையாகாத மரணத்துக்கான தண்டனை) இரண்டாம் பகுதியை உச்ச நீதிமன்றம் 2012இல் பொருத்தியது; வாகன விபத்து என்றாலே 106 என்று எழுதிவிடாதிருக்க இது உதவும்.

தண்டனைப் பகுதியில் 105ஆம் பிரிவைக் கவனியுங்கள். உள்நோக்கம் இருந்தால் ஆயுள், அல்லது ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் பத்து ஆண்டு வரை. அறிந்திருத்தல் மட்டும் எனில் பத்து ஆண்டு வரை. அந்த ஐந்தாண்டுக் குறைந்தபட்சம் பழைய சட்டத்தில் இல்லாதது. கொலைக்கான 103இல், இனம், சாதி, மொழி போன்ற காரணங்களுக்காக ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து செய்யும் கொலைக்குத் தனி உட்பிரிவு சேர்க்கப்பட்டுள்ளது. வரதட்சணை மரணத்தை இந்த வரிசையில் தேடாதீர்கள். அது 80ஆம் பிரிவுக்குப் போய்விட்டது.

வினாவில் சம்பவ நாள் 2024 ஜூலை 1க்கு முந்தையதாக இருந்தால் பழைய பிரிவு எண்களிலேயே விடையை நடத்துங்கள். நாள் குறிப்பிடப்படாவிட்டால் முதல் பத்தியில் இரண்டு எண்களையும் ஒருமுறை தந்துவிட்டு, அதன்பின் புதிய எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள்.