மெழுகுக் கட்டிக்கு இரண்டு நடை

அப்பா ராத்திரியில் நாலைந்து முறை எழுந்து போவதை வயசுக் கோளாறு என்றே விட்டிருந்தோம். சம்பா நடவு முடிந்த கையோடு மன்னார்குடியில் சோதனைக்கு ரத்தம் கொடுத்ததில், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பிக்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. 8.6, அதிகம். எம்.ஆர்.ஐ. எடுத்தோம். அப்புறம் தஞ்சாவூரில் ஊசி விட்டு 12 துண்டு சதை எடுத்தார்கள். நான்கில் புராஸ்டேட் புற்றுநோய்; புற்று எவ்வளவு முரடு என்று சொல்லும் கிளீசன் மதிப்பெண் 3+4=7 என்று ரிப்போர்ட்.

சென்னையிலிருந்து மச்சான் போன் செய்தார். "அத்தான், ரிசப்டர் டெஸ்ட் பாத்தாச்சா? அம்மாவுக்குப் பாத்தாங்களே!" என் மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது ஹெர்-2 என்ற ரிசப்டர் அதிகமாக இருப்பதைப் பார்த்துத்தான் அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி போட்டார்கள். புராஸ்டேட்டுக்கும் அப்படித்தானே இருக்கும் என்று நானும் கிளம்பிவிட்டேன்.

எடுத்த சதையை லேபில் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். பிளாக் என்பார்கள். ரிசப்டர் டெஸ்டுக்கு அதுதான் வேண்டும். அதை வாங்க நோயாளியின் கையெழுத்து, ஆதார் நகல், டாக்டர் கடிதம் மூன்றும் வேண்டுமாம். முந்தின நாள் போனில் கேட்டபோது ஒருவரும் இதைச் சொல்லவில்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து போனவன் வெறுங்கையோடு திரும்பினேன். அப்பாவிடம் கையெழுத்து வாங்கப் போனால் வரப்பில் நிற்கிறார், சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, "எதுக்குடா இன்னொரு தடவ? அதான் சொல்லிட்டாங்கல்ல" என்றார்.

இரண்டாவது நடையில் கிடைத்தது. தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் வெந்த சேமியா போல இரண்டு மூன்று இழை. இதற்காகவா இத்தனை அலைச்சல் என்றிருந்தது. வெயிலில் வைக்காதீர்கள் என்று சொன்னதால் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த டெஸ்டைக் கேட்டு பிளாக்கோடு திருச்சியில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார். வளர்ச்சிக் காரணி என்பது செல்லைப் பெருகச் சொல்லி வரும் சேதி; ரிசப்டர் அதை வாங்கிக்கொள்ளும் இடம். ஈ.ஜி.எஃப்.ஆர்., ஹெர்-2 போன்ற ரிசப்டர்கள் அதிகமாகத் தெரியும் கட்டிகள் மோசமானவையா, சிகிச்சைக்குப் பின் திரும்ப வருமா என்று நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சிலவற்றில் ஆமாம், சிலவற்றில் இல்லை. ரிசப்டர் தெரிவதற்காகச் சதையில் சாயம் ஏற்றும் முறையும், எவ்வளவு பழுப்பானால் 'அதிகம்' என்ற கணக்கும் லேபுக்கு லேப் மாறுவது ஒரு காரணம். ஆண் ஹார்மோன் ரிசப்டரோ ஏறக்குறைய எல்லா புராஸ்டேட் புற்றிலும் இருக்கும். அதை வைத்து ஆளுக்கு ஆள் பிரிக்க முடியாது. "உங்க அப்பாவுக்கு இப்ப என்ன செய்யணும்னு இந்த டெஸ்ட் சொல்லாது. காச வீணாக்காதீங்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மச்சானை மனசுக்குள் திட்டினேன்.

"பிளாக் கொண்டு வந்திருக்கீங்கல்ல, கிளீசனை எங்க ஆள் ஒரு தடவ பாக்கட்டும்" என்றார் டாக்டர். ஆறு நாளில் ரிப்போர்ட் வந்தது: 4+3=7. கூட்டினால் அதே ஏழுதான். ஆனால் முதல் எண்தான் எந்த வகை செல் அதிகம் என்று சொல்கிறது; 3-ஐவிட 4 முரடு, அது முன்னால் வந்தால் சங்கதி கொஞ்சம் மோசம். எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொன்னார், அதில் ஒன்றும் இல்லை. வெறும் கதிர்வீச்சு என்று இருந்தது, கூடவே ஆறு மாத ஹார்மோன் ஊசி என்று ஆயிற்று.

பிளாக்கைத் திருப்பி வாங்கும்போது மறுபடி கையெழுத்து. இப்போது அது அப்பாவின் பீரோவில், பட்டா சிட்டா இருக்கும் பாலித்தீன் பையில் கிடக்கிறது. "இதையும் அதோடயே வை" என்றது அவர்தான்.