கலர் பாட்டிலில் கொண்டுபோன ஊற்றுத் தண்ணீர்

பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் பரிசோதனைக்கூடத்தில் நீட்டினால் தண்ணீரைப் பரிசோதித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துத்தான் கிளம்பினேன். அந்த நினைப்புக்கு மூன்று நாள் கூலி போனது.

எங்கள் ஊர் சாயல்குடிக்குத் தெற்கே, கடலோரம். குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் வரும். மற்ற நாளில் மணலில் தோண்டிய ஊற்றுதான். சிரட்டையால் கோரிக் கோரி ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம். முடியாதவர்கள் வண்டித் தண்ணீர் வாங்குவார்கள், குடம் 12 ரூபாய். அந்த ஊற்றுக்குப் பக்கத்திலேயே போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடப்போவதாகப் பேச்சு வந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கம் போட்ட போர் இரண்டாவது கோடையிலேயே வாயில் வைக்க முடியாத உப்பாகிவிட்டதைச் சொன்னேன். "ஏத்தா, நீ என்ன இஞ்சினியரா?" என்றார்கள். சரி, ரிப்போர்ட்டோடு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

ராமநாதபுரத்துக்கு ஒன்றரை மணி நேர பஸ். பரிசோதனைக்கூடத்துக் கவுண்டரில் இருந்தவர் பாட்டிலைப் பார்த்து, "கலர் குடிச்ச பாட்டிலா? புது கேன்ல ரெண்டு லிட்டர் கொண்டு வாங்க" என்றார். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். பதில் இல்லை.

அடுத்த முறை புது கேன். இப்போதுதான் சொல்கிறார், கிருமிப் பரிசோதனைக்குத் தனி பாட்டில், அதை அவர்களே நீராவியில் கிருமி நீக்கித் தருவார்களாம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. திங்கள்கிழமை வரச் சொன்னார். முதல் நாளே ஒரு வாய் சொல்லியிருந்தால் என்ன?

போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். கேனை அதே தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். போர் என்றால் ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். கிருமி பாட்டிலை மட்டும் அலசவே கூடாது, மூடியின் உள்பக்கம் விரல் படக்கூடாது, ஐஸ் வைத்து அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். எந்த இடம், ஊற்றா போரா, தேதி, நேரம் எல்லாம் எழுதி ஒட்டுங்கள். நான் ஐஸுக்கு மீன் கம்பெனிக்காரரிடம் கெஞ்சினேன், பெட்டியோடு கொடுத்தார்.

மூன்றாவது தடவை உள்ளே இருந்த ஒரு அம்மா பொறுமையாகப் பேசினார். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு நாற்பது அடி வரை ஏறலாம் என்று கணக்கே உண்டாம். எங்கள் பாட்டிகள் ஏன் ஆழமாகத் தோண்டவிடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

ரிப்போர்ட்டில் ஊற்றின் டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள், 640 மில்லிகிராம்; பள்ளிக்கூட போரில் 3,800. குடிநீருக்கு 500க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. ஆனால் ஊற்றில் கிருமி இருப்பதாகவும் வந்திருந்தது. ஆடு வாய் வைக்கிற இடத்தில் இல்லாமல் எப்படி? அன்று முதல் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.

அக்டோபர் 2 கிராம சபையில் ரிப்போர்ட்டை வாசித்தேன். போர் வேண்டாம், ஊற்றைச் சுற்றி வேலி போட வேண்டும், மழைக்கு முன் ஊரணியின் வரத்துக்காலைத் தூர்வார வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். கையெழுத்துக்குத் தீர்மான நோட்டை நீட்டினார்கள். வாசித்துப் பார்த்தால், 'ஆழ்துளைக் கிணறு அமைக்க' என்று முதலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்! அதை அடித்துத் திருத்தி எழுதும்வரை பேனாவைத் தொடவில்லை.